வெறும் தண்ணீரில் பேசியவன்

"யாரு பேசினது?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரி.

"எப்போ?"

"பிளாங்க் திறந்திருக்கும்போது. வாய்ல இருக்கறது அத்தனையும் உள்ள விழுந்திருக்கு."

"நான் பேசல. நீதான் நாள் பூரா மூக்கால பாடிக்கிட்டிருக்கே."

"பாடறது மூக்கு. இது வாய். மூக்குக்கும் வாய்க்கும் வித்தியாசம் தெரியாமலா இந்த மெஷின் முன்னாடி உக்காந்திருக்கேன்?"

அக்கா சிரித்துக்கொண்டே கையுறையைக் கழற்றினாள். அந்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான்; அவளைவிட மூத்த அதிகாரிகூட வேலை ஆக வேண்டியிருந்தால் அப்படித்தான் கூப்பிடுவார். ஊருக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரியில் என்னென்ன பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று பார்த்துச் சொல்வது அங்கே வேலை. முன்பெல்லாம் தட்டில் வளர்த்துப் பார்ப்பார்கள். ஆனால் ஏரியில் இருப்பவற்றில் பெரும்பாலானவை தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வளராது. அதனால் இப்போது தண்ணீரை வடிகட்டி, சிக்கியதை உடைத்து, அதிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்து, எல்லா பாக்டீரியாக்களிடமும் இருக்கும் ஒரே ஒரு மரபணுவை மட்டும் கோடிக்கணக்கில் பிரதி எடுத்துப் படிக்கிறார்கள். கதவைத் தட்டாமல், வாசலில் உள்ள பெயர்ப்பலகையைப் படித்தே வீட்டில் யார் இருக்கிறார் என்று சொல்லிவிடுகிற வேலை.

ஏரித் தண்ணீர் ஊற்றிய சிறு பரிசோதனைக் குழாய்களோடு ஒவ்வொரு முறையும் ஒரு குழாயில் வெறும் சுத்தத் தண்ணீரும் போகும். அதுதான் பிளாங்க். மற்றவற்றுக்குச் செய்வதெல்லாம் அதற்கும் உண்டு. முடிவில் அதில் ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தால் அது எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட அழுக்கு. ஆகவே குழாய் திறந்திருக்கும்போது யாரும் பேசக் கூடாது என்பது அங்கே முதல் விதி. பிளாங்கில் எது தெரிந்ததோ அதை மற்ற எல்லாக் குழாய்களின் கணக்கிலிருந்தும் கழித்துவிட வேண்டும் என்பது அடுத்த விதி. கழிக்கிற வேலையைக் கணினியே பார்த்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தவள் அக்கா. கழித்துத் தள்ளியதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அன்று கணினி பாதியில் முரண்டு பிடித்து நின்றதால்தான் கண்ணாடிக்காரி பார்க்க நேர்ந்தது.

"யாரோட வாய்னு கேட்டுடலாம், இருங்க" என்றாள் அவள். "எல்லாரும் கொப்பளிச்சுத் துப்பிக் கொடுத்ததுதான் உள்ள இருக்கே. மாட்டினது நீங்கன்னா நாளைக்கு டீ உங்க கணக்கு."

மெஷின் வந்த புதிதில் அங்கே வேலை செய்த எல்லோருடைய வாயையும் கணினிக்கு அறிமுகம் செய்து வைத்திருந்தார்கள், பேசினவரைக் கையும் களவுமாகப் பிடிக்க. விரலடையாளம் மாதிரி அச்சு அசலாக இல்லாவிட்டாலும், ஒருவர் வாயில் குடியிருக்கும் கூட்டம் இன்னொருவர் வாயில் அப்படியே இருப்பதில்லை.

திரையில் பெயர் வந்தது. கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள்.

"அக்கா, நீங்க கொஞ்சம் உக்காருங்க."

"ஏன், நானேதானா?"

"உக்காருங்கன்னா."

வாயாடி என்று போட்டிருந்தது.

வாயாடி அக்காவின் தம்பி. படகில் போய் ஏரியில் தண்ணீர் எடுத்து வருகிறவன். வேலைக்குச் சேர்ந்த வாரமே வந்த பட்டப்பெயர் அது. கணினியிலும் அப்படியே ஏற்றிவிட்டார்கள். அவன் வாயில், வேறெந்த மனிதர் வாயிலும் அவர்கள் பார்க்காத ஒரு பாக்டீரியா இருந்தது. "குட்டையில இருக்க வேண்டியது உன் வாய்ல என்னடா பண்ணுது?" என்று அக்கா கேட்டதற்கு, "வாடகைக்கு இருக்குக்கா, காலி பண்ணச் சொன்னா அழுவுது" என்றான்.

மழை தொடங்குவதற்கு முன்பு, ஒரு நாள் தண்ணீர் எடுக்கப் போனவன் திரும்பி வரவில்லை. படகு மட்டும் அக்கரையில், பஸ் போகும் சாலைக்குக் கீழே ஒதுங்கிக் கிடந்தது. ஏரியில் ஆள் இறக்கித் தேடினார்கள். கிடைக்கவில்லை. மழை வந்து, போய், வெயிலும் ஏறிவிட்டது. அக்கரையில் இறங்கிப் பஸ் ஏறிவிட்டான், யாரோ ஒருத்தி காத்திருந்தாள் என்று ஊர் தானே முடிவுக்கு வந்து, அந்த ஒருத்திக்குப் புடவை நிறம்கூடச் சொன்னது.

"ஃப்ரீசர்ல அவன் கொடுத்த பழைய குழாய் இருக்கே" என்றாள் அக்கா. "அதுலேருந்து சிந்தியிருக்கும்."

"அதை எடுத்ததே இல்லக்கா. சீல் உடைக்கல."

"போன தடவை பிளாங்க் எடு."

அதிலும் அவன் இருந்தான். அதற்கு முந்தையதிலும். கணினி கழித்துத் தள்ளியதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார்கள். மழைக்கு முன்னால் வரை பிளாங்கில் ஒன்றுமில்லை. அவன் காணாமல் போன பிறகு ஒன்றுகூட விட்டுப்போகாமல் அவனே.

செய்தி போனதும் அதிகாரி தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். நல்ல மனிதர், எதற்கும் காரணம் கிடைத்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

"சுத்தத் தண்ணி எதுலேருந்து பண்றோம்? குழாய்த் தண்ணிலேருந்து. குழாய்த் தண்ணி? ஏரிலேருந்து. மெஷின்ல வடிகட்டி கிழிஞ்சிருக்கும். அவ்வளவுதான்."

"ஏரியில அவன் வாய் ஏன் சார் இருக்கணும்?"

அதிகாரி தாடையைச் சொறிந்தார். "முதல்ல தண்ணிய மாத்துங்க."

வேறு ஊரில் அடைத்து, சீல் வைத்து வந்த பாட்டிலை உடைத்தார்கள். அக்கா இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டாள். கண்ணாடிக்காரி ஜாடையிலேயே பேசினாள். அந்தப் பிளாங்கிலும் வாயாடி வந்தான், முன்னைவிடத் தெளிவாக.

அக்கா திரையில் இருந்த பட்டியலை மேலிருந்து கீழே விரலால் ஓட்டிப் பார்த்தாள். பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. பிளாங்கில் இருப்பதை எல்லாவற்றிலிருந்தும் கழித்தாயிற்று. அப்படியானால் ஏரித் தண்ணீரில் அவன் இருந்திருந்தால், அங்கிருந்தும் அவனைக் கழித்தாயிற்று. தேடிக்கொண்டிருந்த மாதமெல்லாம், ஒவ்வொரு முறையும், ஒழுங்காக, விதிப்படி.

"கழிக்காம ஓட்டு" என்றாள். "பழசு எல்லாத்தையும்."

கரையோரத் தண்ணீரில் அவன் இல்லை. நடு ஏரியில் லேசாக இருந்தான். மதகுக் கோபுரத்தின் சுவரை ஒட்டி எடுத்த தண்ணீரில் ஏராளமாக இருந்தான்.

ஏரி நடுவே நிற்கும் அந்தக் கோபுரம் வட்டமானது, ஜன்னல் இல்லாதது. முன்பு அதற்குள் இறங்கித்தான் தண்ணீர் ஊருக்குப் போகும். புதுக் குழாய் போட்ட பிறகு அதற்கு வேலையில்லை. மேலே ஒரு இரும்புக் கதவு, உள்ளே கீழே இறங்கும் ஏணி, அடியில் கம்பி வலை போட்ட வாய். வரும் வாரம் அதைக் கான்கிரீட் கொட்டி அடைக்கப் போகிறார்கள். கலவை எந்திரம் ஏற்கெனவே கரைக்கு வந்துவிட்டது.

"அதை ஆள் இறக்கிப் பாத்தாங்களே?" என்றார் அதிகாரி.

"சுத்தி வெளியில பாத்தாங்க. கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்துச்சுன்னு உள்ள போகல."

"வெளியில பூட்டியிருந்தா உள்ள எப்படிம்மா ஆள் இருப்பாங்க?"

"அதுதான் எனக்கும் தெரியல சார்." அக்கா கொஞ்சம் தயங்கினாள். "ஆர்.என்.ஏ. பாக்கணும். நேத்து எடுத்த தண்ணி இருக்கு."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். டி.என்.ஏ. செத்ததையும் காட்டும்; செத்து எவ்வளவோ நாளான பிறகும் தண்ணீரில் கிடக்கும். ஆர்.என்.ஏ. அப்படியில்லை. உயிரோடு இருந்து வேலை செய்துகொண்டிருப்பவற்றைத்தான் காட்டும். செத்தால் சீக்கிரமே கரைந்துவிடும். அக்கா எதைக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அன்று மாலை அக்கா வீடு திரும்பியபோது தம்பி மனைவி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். புருஷனுடைய சட்டைகளையும் துவைத்துப் போட்டிருந்தாள். யாரும் உடுத்தாத சட்டையை ஏன் துவைக்கிறாய் என்று அக்கா கேட்டதில்லை.

"என்ன அண்ணி, முகம் செத்துப் போயிருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா உங்க குடும்பத்துல ஏதோ இருக்குன்னு அர்த்தம். உங்க தம்பி ஒருத்தர்தான் எதையும் மறைக்கத் தெரியாதவர்னு நினைச்சேன். கடைசியில அவர்தான் எல்லாரையும் மிஞ்சிட்டாரு." சட்டையை உதறி மடித்தாள். "காலையில பல் தேய்க்கும்போதே திட்ட ஆரம்பிக்கறேன். பாத்திரம் கழுவற வரைக்கும் திட்டறேன். எங்க போனாலும் நாக்கு அழுகிச் சாகணும்னு நேத்து சொன்னேன். சொல்லிட்டு, செத்திருந்தா என்ன பண்றதுன்னு வாயில அடிச்சுக்கிட்டேன். செத்துட்டார்னா உக்காந்து அழலாம். ஓடிட்டார்னா நின்னு திட்டலாம். ரெண்டும் இல்லாம நான் என்னன்னு அண்ணி இருக்கறது?"

அக்கா ஒரு சட்டையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஏரியில அவன் வாய் தெரியுது" என்றாள்.

தம்பி மனைவி மடித்த சட்டையை மறுபடி பிரித்தாள். "வாயா? அவர் வாயா?"

"பேசும்போது தெறிக்குமே, அது."

"உசிரோடவா?"

"அதைத்தான் நாளைக்குப் பாக்கப் போறேன்."

மறுநாள் கண்ணாடிக்காரி பாடவில்லை. முடிவு வந்தபோது திரையை அக்காவின் பக்கம் திருப்பிவிட்டு ஜன்னலருகே போய் நின்றுகொண்டாள். கோபுரத்துத் தண்ணீரில் இருந்த வாயாடி உயிரோடு இருந்தான். அவன் வாயில் குடியிருந்த கூட்டம் முழுவதும், அந்த வாடகைக்காரன் உட்பட, நேற்றுத்தான் தெறித்து விழுந்தது போல் இருந்தது. வயிற்றிலிருந்து வருவது எதுவும் இல்லை, உடல் அழுகினால் வருவது எதுவும் இல்லை. வாய் மட்டும்.

"ஒரு ஆள் தண்ணி மேல குனிஞ்சு பேசிக்கிட்டே இருந்தா இப்படித்தான் இருக்கும்" என்றாள் கண்ணாடிக்காரி, ஜன்னலைப் பார்த்தபடியே. "நிறுத்தாம."

காவல்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஏரிக்குக் காவல் அவர்தான். வாயாடி போன பிறகு தண்ணீர் எடுப்பதும் அவர்தான். வயதானவர், காது மந்தம். அவரிடம் எதைக் கேட்டாலும் இரண்டு முறை கேட்க வேண்டும்.

"மதகுக் கோபுரத்துக் கதவை யாரு பூட்டினது?"

"ஆங்?"

"கதவு. யாரு பூட்டினது?"

"நான்தான். வேற யாரு பூட்டுவா?"

"எப்போ?"

"அந்தத் தம்பி காணாமப் போன மறுநாள். விடிஞ்சதும் வழக்கம்போல படகுல ஒரு சுத்து போனேன். கதவு திறந்து காத்துல அடிச்சுக்கிட்டிருந்துச்சு. இழுத்துப் பூட்டிட்டேன்."

"தேடினவங்ககிட்ட ஏன் சொல்லல?" என்றார் அதிகாரி.

"கதவு எப்படி இருக்குன்னு கேட்டாங்க. பூட்டியிருக்குன்னேன். பூட்டித்தானேங்க இருந்துச்சு."

அக்கா அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் காதருகே குனிந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். "பூட்டறதுக்கு முன்னாடி உள்ள எட்டிப் பாத்தீங்களா, பெரியவரே?"

"பாத்தேன்மா. ஒரே இருட்டு. யாரு உள்ளன்னு கூப்பிட்டும் பாத்தேன். பதில் இல்ல."

"பதில் வரலையா, உங்களுக்குக் கேக்கலையா?"

பெரியவர் அவளைப் பார்த்தார். அவருடைய கை தானாகக் காதுக்குப் போயிற்று.

"தெரியலையேம்மா" என்றார்.

அதிகாரி கலவை எந்திரத்தை நிறுத்தச் சொன்னார். கயிறும் ஆளும் ஏற்பாடு செய்தார். அன்று நண்பகலே இரண்டு படகில் போனார்கள். தம்பி மனைவி வராமல் இருக்க மாட்டேன் என்று கரை வரை வந்து, படகில் காலை வைத்த பிறகு, "நான் இங்கேயே நிக்கறேன் அண்ணி" என்று இறங்கிவிட்டாள்.

வெயில் ஏரியில் தகடு தகடாகக் கிடந்தது. கோபுரத்தின் நிழல் மட்டும் குளிர்ந்தது. பெரியவர் பூட்டைத் திறந்தார். கதவை இழுத்ததும், அடைத்து வைத்த பாத்திரத்தைத் திறந்தது போல் ஈரக்காற்று முகத்தில் வந்து மோதியது. கெட்ட வாடை இல்லை. அக்கா மறுபடி மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தாள். வாடை இல்லாத இடத்தில் அவன் எப்படி இருப்பான்?

தம்பியைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. ஆனால் திறந்த குழாய்க்கு முன்னால் வாயை மூடிப் பழகிய உதடுகள் பிரிய மறுத்தன. கீழே தண்ணீர் சுவரை நக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"யாரோ பேசற மாதிரி இருக்கே" என்றார் காவல்காரர்.

"உங்களுக்குத்தான் காது கேக்காதே" என்றாள் அக்கா, அவர் பக்கம் திரும்பி.

"அதனாலதாம்மா பயமா இருக்கு."

கயிற்றில் இறங்கியவன் விளக்கைக் கீழே திருப்பினான். ஏணியின் ஒரு படி ஒடிந்து தொங்கியது. தண்ணீருக்குச் சற்று மேலே, சுவரைச் சுற்றி ஓடிய குறுகிய மேடையில், வாயாடி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எலும்பும் உடையுமாகத்தான். ஒரு கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. முகம் இருந்த இடம் மேலே, கதவைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. பக்கத்தில் அவன் எடுத்து வைத்த தண்ணீர்ப் பாட்டில்கள், மூடி இறுக்கி, வரிசையாக நின்றன.

அவன் எதற்காக உள்ளே போனான் என்று அக்காவுக்குத் தெரியும். எதிரொலிக்காக. "ஊர்ல யாரும் என்னை முழுசாப் பேச விடறதில்லக்கா, அந்தக் கோபுரம் ஒண்ணுதான் நான் சொல்றத ஒரு வார்த்தை விடாம திருப்பிச் சொல்லுது" என்று சொல்லியிருக்கிறான். படகுக் கயிற்றைக் கோபுரத்தில் லேசாகச் சுற்றிவிட்டுப் போயிருப்பான். கயிறு நழுவிப் படகு அக்கரைக்கு மிதந்து போயிருக்கும். மற்றதை டாக்டர் சொன்னார். விழுந்த உடனே சாகவில்லை. சில நாள் இருந்திருக்கிறான். ஆனால் செத்து மாதக்கணக்காகிறது, அதில் சந்தேகமே இல்லை.

"அப்போ ஆர்.என்.ஏ.?" என்று அதிகாரி கேட்டார்.

யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அவர் அன்று சாப்பாட்டை அப்படியே திருப்பி எடுத்துப் போனார்.

தம்பி மனைவி அழுதாள். அழுகைக்கு நடுவே திட்டினாள். திட்டு நின்றதும் வீடு வெறிச்சென்று ஆயிற்று. சில நாள் கழித்து, சட்டைகளைப் பெட்டியில் அடுக்கும்போது சொன்னாள்: "அண்ணி, அவர் அங்க கிடந்து கத்தியிருக்காரு. நான் இங்க அவர் நாக்கு அழுகணும்னு சொல்லிக்கிட்டிருந்திருக்கேன். அதை யார்கிட்ட போய்த் திரும்ப வாங்கறது?"

அக்கா கையிலிருந்த கடைசிச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்தாள்.

கோபுரத்தை அடைத்துவிட்டார்கள். அடுத்த முறை எடுத்த ஏரித் தண்ணீரில் எந்த இடத்திலும் வாயாடி இல்லை. நடுவில் இல்லை, கரையில் இல்லை, கான்கிரீட் கொட்டிய சுவரை ஒட்டியும் இல்லை. அக்கா மூச்சு விட்டாள். பிறகு பிளாங்கைப் பார்த்தாள். அதில் இருந்தான்.

"கழிச்சுடலாமா?" என்று கண்ணாடிக்காரி கேட்டாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "ஏரியிலதான் இல்லையே. கழிச்சா ஒரு நஷ்டமும் இல்ல. யாருக்கும் தெரியவும் தெரியாது."

"ஆர்.என்.ஏ. பாத்தியா?"

"பாத்தேன். கேக்காதீங்க."

அடுத்த நாள் அக்கா தம்பி மனைவியைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கூட்டி வந்தாள். வெள்ளை அங்கி அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் கொடுத்து, "கொப்பளிச்சு இதுல துப்பு" என்றாள் அக்கா.

"எதுக்கு?"

"உன்னையும் மெஷினுக்குத் தெரியணும்."

"நல்ல மரியாதை. வந்தவளை உக்கார வெச்சு எச்சில் கேக்கறீங்க." ஆனாலும் கொப்பளித்துத் துப்பினாள்.

பிறகு அக்கா சீல் வைத்த பாட்டிலை உடைத்தாள். பிளாங்க் குழாயில் தண்ணீரை ஊற்றினாள். மூடியைப் போடவில்லை. குழாயைத் தம்பி மனைவியின் முன்னால் நிறுத்தினாள்.

"மாஸ்க்கைக் கழட்டு."

"ஐயோ, வேண்டாம் அண்ணி. பேசக் கூடாதுன்னு அவர் எத்தனை தடவை சொல்லியிருக்காரு. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அங்க போய் வாயை மூடிக்கிட்டு இருக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்னு."

"இதுல பேசலாம்."

தம்பி மனைவி குழாயைப் பார்த்தாள். கட்டைவிரல் அளவு கூட இல்லை. உள்ளே இருந்த தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதபடி தெளிந்திருந்தது. அவள் மாஸ்க்கைக் கீழே இழுத்தாள். குனிந்தாள்.

கண்ணாடிக்காரி எழுந்து போய்த் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள், நன்றாகச் சத்தம் வரும்படி. அக்கா சுவரில் மாட்டியிருந்த விதிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன பேச்சு என்று இருவர் காதிலும் விழவில்லை. ஆனால் நடு நடுவே தம்பி மனைவி நிறுத்தியது தெரிந்தது. மறுபக்கம் ஒருவர் பேசுவதைக் கேட்க நிறுத்துவது போல. ஒரு முறை, "சரி, சரி, சொல்லி முடிங்க" என்பது மட்டும் தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டி வந்தது.

நிமிர்ந்தபோது அவள் முகம் கழுவியது போல் இருந்தது. மூடியை அவளே போட்டாள், இறுக்கி.

முடிவு வந்த அன்று அதிகாரி அவர்கள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். திரையை எட்டிப் பார்த்தார்.

"பிளாங்க் இப்படிக் கெட்டுப் போயிருக்கே. யாரு பேசினது?"

"ரெண்டு பேர் சார்" என்றாள் அக்கா.

ஒன்று புது வாய், கொஞ்சமாக. மற்றது பழையது. புதியதைவிடப் பல மடங்கு.

அதிகாரி காரணம் கேட்க வாயெடுத்தார். என்ன நினைத்தாரோ, சட்டைப் பையிலிருந்து மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"கழிக்கணுமா, சார்?"

"விதி அப்படித்தானே சொல்லுது" என்றார் அவர், மாஸ்க்குக்குள்ளிருந்து. "ஆனா இது குடும்ப விஷயம் மாதிரி இருக்கே."

அவர் போன பிறகு அக்கா கணினியில் அந்தக் குழாயின் கணக்கை மட்டும் கழிக்காமல் தனியாக எடுத்து வைத்தாள். பிறகு புதிதாக ஒரு பாட்டிலின் சீலை உடைத்து, வாயை இறுக மூடிக்கொண்டு, இன்னொரு பிளாங்க் ஊற்றினாள்.